ஓர் அரிசியளவு திசு

தி. நகர் துணிக்கடை ஒன்றில் கழிப்பறை கழுவியவள் செல்லக்கனி. முதலாளி அவளுக்குக் கையுறைகூட வாங்கித் தந்ததில்லை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த ஆசிட் தெறித்து இரண்டு கண்களும் வெந்தன. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் செத்துப்போயின.

"கூடப்பிறந்தவர் கண்ணோரத்திலிருந்து ஓர் அரிசியளவு திசு போதும். பார்வை திரும்ப நல்ல வாய்ப்பிருக்கு. கொடுக்கிறவருக்குப் பார்வை குறையாது," என்றார் மருத்துவர்.

கூடப்பிறந்தவர் ஒருவர்தான். கே.கே. நகரில் கண்தானச் சங்கம் நடத்தும் அண்ணன் தங்கவேல்.

"இது எனக்கு கண்டம் கீற வருஷம்னு ஜோசியர் சொல்லிக்கீறாரும்மா. செத்தப்புறம் ரெண்டையும் எட்துக்கோ," என்றார்.

அடுத்த மாதம் மயிலாப்பூரில் அவருடைய கண்தான விழா. பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வரட்டும் என்று தங்கையையே மேடையில் உட்கார வைத்து, கையில் மைக்கையும் கொடுத்தார்.

"இவுரு என் கூடப்பொறந்த அண்ணன். இன்னும் உயிரோட கீறாரு. அதனாலதான் எனக்குக் கண்ணு தெரியல," என்றாள் செல்லக்கனி.

ஏதோ நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. தங்கவேல் எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.