நாசர் பயன்படுத்துகிறார்

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியறை. எட்டு தனியார் மருத்துவமனைகளுக்கான ரத்தக் கொடையாளர் பட்டியலை அங்கிருந்துதான் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த அலுவலகத்தில் அதிகம் உழைப்பவர் நாசர் பாய். லீவு கேட்க மாட்டார், டீக்கு எழுந்து போக மாட்டார். அவர் இறந்து பதினாலு மாதம் ஆகிறது.

அவருடைய லாகினை யாரும் மூடவில்லை. மூடினால் எட்டு மருத்துவமனைக்கும் அலைந்து புதிதாகப் போட்டுக்கொடுக்க வேண்டும், வெயிலோ ஜாஸ்தி. ஆகவே பட்டியலில் தேடுகிற புரோகிராம் அவர் போன பிறகும் அவர் பெயரில்தான் ஓடியது. எது பழுதானாலும் மேலாளர் பழனிவேல், "அது நாசர் பாத்த வேலைங்க" என்று போனில் சொல்லிவிடுவார். எதிர்த்துப் பேசாத ஊழியர் எந்த மேலாளருக்குக் கசப்பார்?

ரூமானா மட்டும் அப்போது தலையைக் குனிந்துகொள்வாள். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அந்தப் புரோகிராமை எழுதியவளும் அவள்தான். மூன்று லட்சம் பெயரை ஒரே புரோகிராம் படித்தால் தாமதமாகும் என்று அதன் எட்டு நகல்களை ஒருசேர ஓடவிட்டிருந்தாள். ஆனால் அடுத்துப் படிக்க வேண்டிய பக்கத்தின் எண் ஒரே இடத்தில் இருந்தது. ஒன்று போய் அதைப் பூட்டிக்கொண்டு பார்க்கும். மற்ற ஏழும் வெளியே நிற்கும். ஒரு பக்கம் படித்ததும் மறுபடி வரிசை. தபால் ஆபீசில் நூல் கட்டிய ஒற்றைப் பேனாவுக்கு எட்டுப் பேர் நிற்கிற கதை.

நாசர் அன்றே சொன்னார்: "ஒவ்வொண்ணா குடுக்காதம்மா. நூறு நூறு பக்கமா எடுத்துக்கிட்டுப் போவட்டும். பூட்டுகிட்ட வர்றதே கொறஞ்சிரும்."

"அடுத்த வாரம் மாத்திடறேன் பாய்."

அடுத்த வாரம் அவர் இறந்துபோக, அவர் வீட்டுக்கு மையித் பார்க்கப் போனாள்.

ஒரு திங்கட்கிழமை நாசரின் மனைவி ருக்கையாவிடமிருந்து போன் வந்தது.

"கொழுந்தனுக்கு ரத்தம் வேணும்னு இங்க சிதம்பரத்துல ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுன்ட்டர் கம்ப்யூட்டர்ல அவுங்க பேரு வருதும்மா."

"என்னன்னு வருதுக்கா?"

"'காத்திருக்கவும், நாசர் பயன்படுத்துகிறார்'னு. பக்கத்துல ஒரு ஆளு, எவன்டா அந்த நாசர், அவன் வெளங்குவானாங்கிறான். மவுத்தானவங்களுக்கு சாபம் போயிச் சேருமா ரூமானா?"

ரூமானா திரையைத் திறந்தாள். பூட்டை வைத்திருப்பவர்: நாசர். கீழே காத்திருப்பவர்கள் ஏழு வரி. ஏழிலும் நாசர். நாசரே நாசருக்காக நின்றுகொண்டிருந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாசர் உள்ளே போக, வெளியே வந்தவர் மறுபடி கடைசியில் போய் நின்றார்.

இரண்டு வாரம் அதே வேலையாக உட்கார்ந்தாள்.

"ஓடறதுல ஏம்மா கை வைக்கிற? நாசர் வேலையாச்சே அது," என்றார் பழனிவேல்.

"இல்ல சார், எழுதனது நான். அவுரு அப்பவே வேணான்னாரு. நாந்தான் கேக்கல."

"அப்ப இத்தினி நாளா நாம..." என்று தொடங்கியவர், மூலையில் நாசர் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார்.

நூறு நூறு பக்கமாகக் கொடுத்ததும், ஒன்பது நிமிடத் தேடல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. புது லாகினும் போட்டாகிவிட்டது. அன்று மாலையே பஸ் இறங்கி ருக்கையா வீட்டுக்குப் போனாள்.

"இனிமே அவுங்கள யாரும் திட்ட மாட்டாங்கக்கா. தப்பு என்னோடது. மன்னிச்சிருங்க."

ருக்கையா டீயை வைத்தாள். "அப்ப பேரு வராதா?"

"எங்கயும் வராதுக்கா."

"கொழுந்தன் வூட்டுக்கு வந்து பத்து நாளாச்சு," என்றாள் ருக்கையா. "நான் மட்டும் தெனமும் அந்தக் கவுன்ட்டருக்குப் போயிக்கிட்டுதாம்மா இருந்தேன். இன்னைக்கும் போனேன், பேரு வரல. வந்தவங்க யாருமே நிக்கல, ஒடனே ஒடனே போயிட்டாங்க."