எந்த பாங்கில் மனேஜர்?

விம்பிள்டனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ருமேனியாக்காரி, என்னைப் போலவே கிழவி. ஒருநாள் தன் தகப்பனின் படத்தைக் காட்டினாள். இளமையில் நாட்டுக்காகக் கால்பந்து அடித்தவராம், பிறகு மனேஜர் ஆனாராம். நான் கண்ட மனேஜர்கள் பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும்தான் இருந்தார்கள். "எந்த பாங்கில்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்.

"ஐயோ அம்மா, அது டீமை நடத்துற மனேஜர். ஆர் விளையாடுறது, ஆர் வெளியில இருக்கிறது எண்டு அவர்தான் சொல்லுவார்."

"அப்ப அவர் பந்தைத் தொடமாட்டாரோ?"

"தொட ஏலாது."

இங்கே எனக்கு இருப்பது அந்த ஒரு சிநேகிதிதான். ஆனால் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அடுத்த நாள் அவள் வாசலில் நின்று வேறொன்று கேட்டேன்.

"மற்றவர்கள் பிழையாக அடிக்கும்போது, உன் அப்பா எப்படிச் சும்மா நின்றார்?"

அவள் சிரித்துவிட்டாள். "எங்கே நின்றார்? மைதானக் கோட்டுக்கு வெளியே அவரும் உதைத்துக்கொண்டேயிருப்பார். விளையாடிய காலத்தைவிட அப்போதுதான் காலில் போட்ட சப்பாத்து அதிகமாகத் தேய்ந்தது."

பிறகு கதவை அகலத் திறந்தாள்.