சாரலுக்கு வந்த ஒட்டகம்

எனக்குச் சோறு போட்டது குதிரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் தென்காசியில் ஒரு மரக்கடை முதலாளியிடம் இருந்தேன். அவருடைய குதிரைகளைப் பழக்குவதும், கோயில் கொடை விழாக்களை ஒட்டி நடக்கும் குதிரை வண்டிப் பந்தயங்களில் அவருக்காக வண்டி ஓட்டுவதும் என் வேலை. அந்த வேலையை ஒரு நாளும் நான் வெறுத்ததில்லை. ஆனால் ஆசை என்று ஒன்று இருந்தது ஒட்டகத்தின் மேல்தான். ஒன்பது வயதில், ஊருக்கு வந்த சர்க்கஸில் எல்லோரும் சிங்கக் கூண்டை மொய்த்துக்கொண்டு நிற்க, நான் கூடாரத்துக்குப் பின்னால் படுத்திருந்த ஒட்டகத்தின் முன்னால் நின்றேன். அது அசைபோட்டபடி என்னைப் பார்த்தது. அவசரமே இல்லாத பார்வை. அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை.

எனக்குக் கல்யாணமான வருஷம், ஆனி பிறந்து சாரல் தொடங்கியிருந்தது. குற்றாலத்தில் ஒட்டகம் வந்து நிற்கிறது என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். பேரருவிக்குப் போகும் ரோட்டோரம் நின்றது, ஒரு பெண் ஒட்டகம். முதுகில் சிவப்புத் துணி, கழுத்தில் மணி. கயிற்றைப் பிடித்திருந்தவர் ராஜஸ்தான் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். சீசனுக்கு வந்தவர்களின் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுவது அவர் பிழைப்பு. பல வருஷம் நம் பக்கம் அலைந்ததில் கொஞ்சம் தமிழ் பேசுவார்.

கிட்டே போனதும்தான் கவனித்தேன். மயிர் திட்டுத் திட்டாக உதிர்ந்து, தோலில் சொறி பிடித்திருந்தது.

“இதுக்கு மழை வேணாம் தம்பி. வெயில் வேணும்,” என்றார் அவர். எங்களுக்குத் திருவிழாவான சாரல் அதற்கு நோயாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையே வேப்பெண்ணெயில் கந்தகம் குழைத்து எடுத்துப் போனேன். குதிரைச் சொறிக்கு நாங்கள் போடுவதுதான். அவர் அதைப் படுக்க வைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் கழுத்திலிருந்து தொடை வரை தேய்த்தேன். முதலில் உறுமியது, பிறகு கழுத்தை நீட்டித் தரையில் கிடத்திக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் காலை அங்கேதான். கீழப்பாவூர் பக்கம் போய் உடை மரத்து முள் கிளைகளை வெட்டி சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவேன். பிளந்த மேலுதட்டால் முள்ளுக்கு நடுவே இலையை மட்டும் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

என் பெண்டாட்டி சிரித்தாள். “கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கியாந்ததில்ல. ஒட்டகத்துக்கு முள்ளு வெட்டப் போவுதீங்க!”

சிக்கல் குதிரை லாயத்தில் வந்தது. அந்த ஆண்டு நான் ஓட்டியது ஒரு செவலைக் குதிரை. ஒட்டக வாடை பழகாத குதிரைக்கு அதைக் கண்டால் ஆகாது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவ்வளவு தூரம் இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் செவலை மூக்கை விடைத்து, பின்னால் போய், கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டது. முதலாளி ஓடி வந்தார்.

“ஏலே, மேல என்னத்தப் பூசிட்டு வந்திருக்க?”

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

“பந்தயத்துக்கு இன்னும் பத்து நாளுதான் கெடக்கு. குதிரையா ஒட்டகமா, ஒண்ணச் சொல்லுலே.”

எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு தினமும் ஐந்தருவியில் நின்று சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு லாயத்துக்குப் போனேன். செவலை முகர்ந்து பார்க்கும். ஒரு முறை செருமும். பிறகு போனால் போகிறது என்று சேணத்துக்கு முதுகைக் கொடுக்கும்.

பந்தயத்துக்கு முந்தின நாள் பாசி பிடித்த ரோட்டில் ஒட்டகம் சறுக்கி விழுந்தது. நான் போனபோது எழுந்து நின்றிருந்தது. பின்னங்கால் நடுங்கியது, நெஞ்சில் தோல் உரிந்திருந்தது. ஒட்டகக்காரர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

“நாளைக்குக் கிளம்பறேன். காஞ்ச மண்ணுக்குப் போகணும். இந்த ரோட்ல ஒரு ஆள் முன்னால, ஒரு ஆள் பக்கத்துல வேணும். நீ வர்றியா தம்பி?”

“நாளைக்கு ஒரு நாள் பொறுங்க. பந்தயம் முடிஞ்சதும் வந்திருதேன்,” என்றேன்.

அவர் வேப்பெண்ணெயை எடுத்து அதன் நெஞ்சில் தடவத் தொடங்கினார்.

பண்பொழி ரோட்டில் மறுநாள் பந்தயம். செவலை ஓடியதை என்னவென்று சொல்ல! தூறலில் எங்களுக்கு முன்னால் ஒரு வண்டிகூட இல்லை. முதலாளி எனக்குத் துண்டு போர்த்திக் கட்டிப்பிடித்தார். அந்தத் துண்டோடு குற்றாலத்துக்கு சைக்கிளை மிதித்தேன். ரோட்டோரத்தில் சாணமும் மென்று போட்ட முள்ளும்தான் கிடந்தன.

“காலையிலேயே போயிட்டாரே. போறதுக்கு முன்ன இங்கன நின்னு ரொம்ப நேரம் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தாரு,” என்றார் டீக்கடைக்காரர்.

மறுநாள் காய்ந்த மண் இருக்கும் கிழக்குப் பக்கம் தேடிப் போனேன். ஓரத்து ஈர மண்ணில் தட்டுப் போன்ற வட்டக் காலடிகள் தெரிந்தன. மண் காயக் காய அவையும் மறைந்தன. ஆலங்குளம் தாண்டி, வானம் வெளுத்துக் கிடந்த இடத்தில் கண்டுபிடித்தேன். ஒட்டகம் ஒரு உடை மரத்தைத் தின்றுகொண்டிருந்தது. வெயிலில் அதன் முதுகு உலர்ந்து பொன்னிறமாக இருந்தது. வழியில் ஒரு வண்டிக்காரர் கூடவே நடந்து உதவினாராம். நான் செய்திருக்க வேண்டிய வேலை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தி, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“ஜெயிச்சியா?”

“ஜெயிச்சேன்.”

“நல்லது. எங்க ஊருக்கு வா. அங்க நூறு ஒட்டகம் ஒண்ணா நடக்கும். பாத்தா நீ திரும்பிப் போகமாட்டே.”

என் விலாசத்தை அவர் கேட்டபடி ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். நான் எழுந்ததும் ஒட்டகம் தன் தாடையை என் தோளில் வைத்தது. அந்தக் கனத்தை இறக்க மனமில்லாமல் பொழுது சாயும்வரை அசையாமல் நின்றேன்.

இரண்டாம் வருஷம் இந்தியில் ஒரு கார்டு வந்தது. ஊரில் இந்தி வகுப்பு நடத்திய வாத்தியார் படித்துச் சொன்னார். ஒட்டகம் ஊர் போய்ச் சேர்ந்து கன்று ஈன்றிருக்கிறது. மழை முடிந்து வந்தால் பார்க்கலாம். அந்த வருஷம் முதலாளி புதுக் குதிரை வாங்கியிருந்தார். என்னை விட்டால் அதைப் பழக்க ஆளில்லை. பந்தயமெல்லாம் முடிந்ததும் வருகிறேன் என்று வாத்தியாரிடமே எழுதி வாங்கிப் போட்டேன். அடுத்த வருஷம் இன்னொரு கார்டு. அப்போது எனக்கு மகள் பிறந்திருந்தாள். அதே பதிலை எழுதினேன்.

மூன்றாவது கார்டு வரவில்லை. நானாக இரண்டு கார்டு எழுதி வாங்கிப் போட்டேன், பதில் இல்லை. அறுபதுகள் முழுக்க எத்தனையோ குதிரைகளை ஓட்டினேன், ஜெயித்தேன், தோற்றேன். தென்காசி ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம், வடக்கே போக எந்த ஊரில் வண்டி மாற வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இன்றும் வரிசை தப்பாமல் சொல்வேன்.