பெயர் தெரியாத மருந்துப் பெட்டி

மருந்துக் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பத்தொன்பது வருஷமாகத் தொகுப்பவரை ஆபீஸில் எல்லோரும் ‘அறிக்கை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டையில் எப்போதும் கம்பெனி நடத்தும் இலவச மருத்துவ முகாம் படம். நோயாளி, கம்பெனி பெயர் தெரியும்படி மருந்துப் பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்துச் சிரிக்க வேண்டும். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். காய்ச்சலோடு வரிசையில் நிற்பவர்களுக்குச் சிரிப்பு ஒன்றுதான் குறைச்சலா?

இந்த வருஷம் வந்த நாற்பது படங்களில் ஒன்றில் மட்டும் பெயர் தெரியவில்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு தாய், பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, எத்தனை வேளை கொடுப்பது என்று விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். போட்டோ எடுப்பதையே அவள் மறந்திருந்தாள். அக்கா அதையே அட்டைக்கு வைத்தார்.

மேலாளர் முகம் சுளித்தார். “என்னம்மா இது, நம்ம பேரே தெரியலையே. பங்கு வாங்குறவங்க இதையெல்லாம் பாத்துதானே கம்பெனிக்கு மதிப்புப் போடுறாங்க?”

“பேரு தெரிய வேண்டியது குழந்தைக்கு மருந்து ஊத்தப் போறவளுக்குத்தானே சார்,” என்றார் அக்கா. “அவளுக்குத் தெரியுது.”