"சும்மாதான் சார்" என்று சொன்ன குற்றத்துக்காக

போன வருடம் கோடை சீசன் களைகட்டியிருந்த நேரம். பெருமாள்மலைக்குப் பக்கத்தில் ஒரு காய்கறி பேக்கிங் கம்பெனியில் நான் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். மன்னவனூர், பூம்பாறை பக்கமிருந்து கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு எல்லாம் எங்களிடம் வரும். கழுவி, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு மதுரையிலும் கோவையிலும் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு அனுப்புவோம். அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அந்த சீசனில் மதுரைக்குப் போகும் சரக்கு தினமும் தாமதம். அங்கிருந்து புகார்மேல் புகார். எங்கள் முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் சரியான அவசரக்காரர். ஒரு காரியம் கெட்டுப்போனால் யார் தலையிலாவது பழியைக் கட்டிவிட வேண்டும், அப்போதுதான் அவருக்குத் தலைவலி பாதி தீரும். "பொம்பளைங்க வெரசா வேல பாக்கல. கத பேசிக்கிட்டே பொழுத ஓட்டுறாங்க" என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். கட்டிய முடிவுக்கு ஆதாரம் தேடத்தான் சென்னையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அதற்குப் பெயர் ஆராய்ச்சியாம்!

வந்தவர் இளவயதுக்காரர். பளிச்சென்று சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிலேட்டு அளவில் ஒரு டேப் கம்ப்யூட்டர். திடீர் திடீரென்று ஷெட்டுக்குள் வருவார். கேரட் கழுவும் வரிசை, பூண்டு உரிக்கும் வரிசை என்று ஒவ்வொருவரிடமாகப் போய் நின்று ஏதோ கேட்பார். டேப்பில் தட்டுவார், அடுத்த ஆளிடம் போவார். நான் தூரத்திலிருந்து பார்த்து, 'பரவாயில்லையே, பெரிய படிப்புப் படித்தவர் எல்லோரையும் அக்கறையாக விசாரிக்கிறாரே' என்றுகூட நினைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் வேலைக்குப் போகும்போது கேட்டுக்கு வெளியே வடகவுஞ்சி அக்கா நின்றுகொண்டிருந்தார். கேரட் வரிசையில் வேலை பார்ப்பவர். வடகவுஞ்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். இந்த வேலையை நம்பித்தான் மகளைத் திண்டுக்கல்லில் நர்சிங் சேர்த்திருந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உள்ள விட மாட்டேங்குறாங்கம்மா. இனிமே வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்களாம்" என்றார். அழவில்லை. முகம் மட்டும் சுண்டிப் போயிருந்தது. "நான் என்ன தப்புப் பண்ணேன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நேராக முதலாளி அறைக்குப் போனேன். அங்கே மீட்டிங் தொடங்கியிருந்தது. சுவரில் நிபுணரின் அறிக்கை வண்ண வண்ணமாக ஓடிக்கொண்டிருந்தது. வேலை நேரத்தில் பெண்களில் பாதிப்பேர் வெறுமனே இருக்கிறார்களாம். பாதிப்பேரை நிறுத்திவிட்டாலும் இதே வேலை நடக்குமாம். அதிலும் வடகவுஞ்சி அக்கா எப்போது போய்க் கேட்டாலும் வேலையே செய்யவில்லையாம். அதனால் அவரிடமிருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

"யார் சார் சொன்னது, அவங்க வேலை செய்யலைன்னு?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

நிபுணர் சிரித்தார். "நான் எதையும் கற்பனையா எழுதல மேடம். டேட்டா. நேரடியா போய், இப்ப என்ன பண்ணிட்டு இருக்கீங்கன்னு கேட்டேன். அவங்களே சொல்றாங்க, 'சும்மாதான் சார் இருக்கோம்'னு. கையிலயும் வேலை இல்ல, எழுந்து நின்னுட்டுதான் இருந்தாங்க."

பாருங்கள், கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் எதிரில் வந்து நின்றால் எங்கள் பெண்கள் என்ன செய்வார்கள்? கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, தூக்கிச் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, எழுந்து நிற்பார்கள். அது மரியாதை. "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டால் "சும்மாதான் சார்" என்பார்கள். அதுவும் மரியாதைதான். "கேரட் கழுவுறேன், கண்ணு தெரியலையா?" என்றா சொல்வார்கள்? தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருவர், தன் வீட்டில் நாள் முழுக்கக் கேட்கும் ஒரு வார்த்தையை, டேப்பைக் கையில் வாங்கியதும் மறந்துபோனாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதையெல்லாம் நான் படபடவென்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாளி, "ஏம்மா, நீ கோவத்துல பேசுற. அவரு படிச்சவரு, முறையாச் செஞ்சிருக்காரு" என்று என்னை அடக்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. அவர் மனைவி. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தணிந்த குரலில் முதலாளி சொன்னார்:

"ஒண்ணுமில்ல, சும்மாதான் இருக்கேன். சொல்லு."

அறையில் இருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது. சாமி சத்தியமாக நான் எதிர்பார்க்கவே இல்லை. போனை அவர் வைத்ததும், "சார், பாதிப்பேரோட பொழப்ப பத்தி முடிவு எடுத்துக்கிட்டு இருக்கீங்க. அதுவே சும்மா இருக்குறதுன்னா, இவரு டேப்புல உங்க பேரையும் ஏத்தச் சொல்லுங்க" என்றேன்.

அக்கவுன்டன்ட் இருமுகிற மாதிரி சிரிப்பை மறைத்தார். முதலாளி முகம் சிவந்துபோய், என்னை வெளியே அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ நிபுணரைப் பார்த்து, "மறுபடியும் பாத்துருங்க தம்பி" என்றார்.

நான் விடவில்லை. எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொன்னேன். யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. அந்த அட்டையைக் கழற்ற வேண்டும். அவ்வப்போது எட்டிப் பார்ப்பது போதாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை இருக்க வேண்டும். ஷெட்டை மட்டும் பார்க்காமல், வண்டி எப்போது கேட்டுக்குள் நுழைகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நிபுணர் முணுமுணுத்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். மலைக்குளிர் வேறு அவரைப் படாதபாடு படுத்தியிருந்தது. குரங்குக் குல்லாவை மாட்டி, சால்வையைச் சுற்றிக்கொண்டு எடை மெஷின் பக்கம் உட்கார்ந்தவரை எல்லோரும் ஏதோ வண்டி டிரைவர் என்றே நினைத்துவிட்டார்கள். ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. ஒரு பெண் காய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, சோலி கெடக்கு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று அதட்டியதை நானே பார்த்தேன். அவரும் நகர்ந்துகொண்டார்.

அந்த வாரக் கடைசியில் நிபுணர் முதலாளியிடம் சொன்னது இதுதான். காலையில் பெண்கள் எல்லோரும் வந்து தயாராக இருக்கிறார்கள், வேலைதான் இல்லை, ஏனென்றால் வண்டி வரவில்லை. மன்னவனூரிலிருந்து கிளம்பும் வண்டிகள் கொடைக்கானல் டவுனில் சுற்றுலாக் கார்களுக்கு நடுவில் மாட்டி, அப்புறம் வெள்ளி அருவிப் பக்கம் போட்டோ எடுக்க நிறுத்திய கார்களுக்குப் பின்னால் மாட்டி, மத்தியானத்துக்கு மேல் ஒன்றாக வந்து சேருகின்றன. அதன்பிறகு அந்தப் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்க்கிறார்கள். ஆட்களைப் பாதியாகக் குறைத்தால் சரக்கு அன்றைக்குப் போகாது, மறுநாள்தான் போகும்.

தீர்வு இவ்வளவுதான்: முதல் நாள் சாயங்காலமே மூட்டையை ஏற்றி வைத்துவிட்டு, கார்கள் ரோட்டுக்கு வருவதற்கு முன், வெள்ளனே வண்டியைக் கிளப்புவது. அதைச் செய்ததும் மதுரைப் புகார் நின்றுவிட்டது. நிபுணர் கிளம்பும்போது என்னிடம் வந்து, "நான் கேட்ட விதமே தப்பு மேடம்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு மனசு வந்ததே என்று நானும் தலையாட்டினேன். ஆனால் அதை அவர் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லையே!

அக்காவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடச் சொல்லி முதலாளி அனுப்ப, வடகவுஞ்சிக்கு நான்தான் போனேன். அக்கா தோட்டத்தில் கூலிக்குப் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி, "நாளைக்கே வந்துருங்கக்கா" என்றேன். அவர் பறிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"வாரேம்மா. எம் மகளுக்காகவாவது வந்துதான ஆகணும். ஆனா அத்தன பேரு பாக்க என்னைய வாசல்ல நிறுத்துனாங்கல்ல? அதே மாதிரி அத்தன பேரு முன்னாடி, உன் மேல தப்பு இல்லன்னு மொதலாளி ஒரு வார்த்த சொல்லட்டும். அது போதும்."

இதைப் போய்ச் சொன்னபோது முதலாளி சலித்துக்கொண்டார். "அதெல்லாம் எதுக்கும்மா? வேல குடுக்குறோம்ல, வரச் சொல்லு." நான் மறுபடி கேட்டேன், மன்றாடினேன், சண்டைகூடப் போட்டேன். அவர் அசையவில்லை. அக்காவும் அசையவில்லை. இன்றைக்கும் அவர் பீன்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறார். மகளின் படிப்பைக் கடன் வாங்கித்தான் ஓட்டுகிறார்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, "அவங்களே சொன்னாங்க" என்று யார் அறிக்கையோடு வந்தாலும், யார் கேட்டது, எப்படிக் கேட்டது என்று நான் குடைந்தெடுத்து விடுகிறேன். ஆபீஸில் எனக்கு வாயாடி என்று பெயர், இருந்துவிட்டுப் போகட்டும். வண்டி நேரத்தைத் திருத்தத் தெரிந்த எங்களுக்கு, தப்பே செய்யாத ஒரு பெண்ணிடம் "உன் மேல் தப்பில்லை" என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.