ஒரே ஃபண்டு, மூன்று நாடுகள்

நிலம் விற்ற பணம் வந்தபோது அம்மா ஒரே நிபந்தனை வைத்தாள். மூன்று பிள்ளைகளின் பங்கும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தீபாவளிக்கு ஒரே துணியை வெட்டி மூவருக்கும் தைத்தவள் அவள். ஒருவருக்குக் கூடி ஒருவருக்குக் குறைந்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்தாள். அவளுடைய கூடப்பிறந்தவர்களிடையே அப்படித்தான் நின்றது.

நான் அம்மாவோடு சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருக்கிறேன். தங்கை சிங்கப்பூரில், தம்பி அமெரிக்காவில். செலவு குறைந்த ஒரு பங்குச்சந்தை ஃபண்டைத் தேர்ந்தெடுத்தேன். இருவரும் கையெழுத்திட்டு அனுப்பிய விண்ணப்பங்களையும் என்னுடையதையும் அம்மா கோயிலுக்குக் கொண்டுபோய், நரசிம்மர் பாதத்தில் வைத்துக் குங்குமத்தோடு திரும்பினாள்.

தம்பியுடையதை மட்டும் ஃபண்டு நிறுவனம் ஏற்கவில்லை.

"சாமிகிட்ட வச்சத எவன்டா திருப்பி அனுப்புனான்?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் விளக்கினேன். தங்கை அங்கிருந்தபடியே இங்கே வெளிநாடுவாழ் இந்தியராக முதலீடு செய்யலாம். லாபத்துக்கு சிங்கப்பூரில் வரி இல்லை. அமெரிக்காவில் வசிப்பவர்களை இங்குள்ள பல ஃபண்டு நிறுவனங்கள் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும், இந்திய ஃபண்டுக்கு அந்த நாட்டு வரிக் கணக்கு கடுமையானது. அவன் அங்கேயே ஒரு ஃபண்டு வாங்குவதுதான் சரி.

"அமெரிக்காக்காரனுக்கு நம்ம கடையில சரக்கு இல்லையாம்டா!" என்று தங்கை சிரித்தாள்.

தம்பி சிரிக்கவில்லை. "அண்ணாத்த, என் பங்கையும் உன் பேர்லயே போட்டுடு. மேட்டர் ஓவர்."

அம்மாவின் முகம் தெளிந்தது. "அதான! இதுக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?"

முடியாது என்றேன். என் பெயரில் இருந்தால் சட்டப்படி அது என் பணம். வரி எனக்கு வரும். எனக்குப் பிறகு என் பிள்ளைகளுக்குப் போகும்.

"உன்ன நம்பித்தான சொல்றேன்? சரி, வுடு" என்று தம்பி அழைப்பைத் துண்டித்தான். அம்மா அன்று என்னோடு பேசவில்லை. அடுத்த சில ஞாயிறுகளில் அவன் அழைக்கவும் இல்லை.

பிறகு ஒரு நாள், அமெரிக்க ஃபண்டு ஒன்றை வாங்கிய ரசீதின் படத்தை மட்டும் எனக்கு அனுப்பினான். அந்த ஞாயிறு அழைத்தான்.

"மூணு பேருதும் ஒண்ணாத்தான கீது?" என்று அம்மா கேட்டாள்.

டாலர் வேறு, ரூபாய் வேறு, சந்தையும் வரியும் வேறு என்று தொடங்கினேன். தம்பி குறுக்கிட்டான்.

"ஒண்ணாத்தான் கீதும்மா. அண்ணாத்தய கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். "ஆமாம்" என்றேன்.