ரொட்டி அடுப்பில் சுட்ட வளையம்

தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர். பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அதுவும் இளவட்டங்களுக்கு அல்ல. வேறு இடங்களில் திட்டு வாங்கி அழுதுகொண்டு இறங்கியவர்கள், ஸ்டியரிங்கைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்த்துப்போகிறவர்கள், "உனக்கெல்லாம் வராது" என்று வீட்டில் முத்திரை குத்தப்பட்டவர்கள், இப்படிப்பட்டவர்கள்தான் அவளைத் தேடி வருவார்கள். அவளே ஒரு காலத்தில் அந்த ரகம்தான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, வீட்டுக்காரர் காரை ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று சொந்த வீட்டு கேட்டையே இரண்டு தடவை பெயர்த்துப் போட்டார். "இனிமே நீங்க மாவு மட்டும் பிசைங்க, வண்டியை நான் பாத்துக்கறேன்" என்று அன்றைக்குச் சாவியைப் பிடுங்கியவள்தான்.

வீட்டுக்காரர் பேக்கரிக்காரர். மேலே வீடு, கீழே கடை, கடைக்குப் பின்னால் அடுப்பு. சாவி போனதில் அவருக்குத் துளிகூட வருத்தமில்லை. நிம்மதியாக ரொட்டி சுட்டார்.

அவளுடைய கார் சின்னது, பழையது, சாம்பல் நிறம். தெருவில் அதற்கு எலி என்று பேர். பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. கற்றுக்கொள்கிறவர்கள் கோட்டை விட்டால் டீச்சர் அதை மிதிப்பாள். பெரும்பாலும் மிதிக்கவே மாட்டாள். "நான் மிதிச்சா நீங்க கத்துக்க மாட்டீங்க" என்பாள்.

அந்த வருஷம் அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருத்தர் கண்ணாடிக்கடை அம்மா. அறுபதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் எங்கே கிளம்பினாலும் மகன் "நீ ஏம்மா சிரமப்படற, நான் கொண்டுபோய் விடறேன்" என்பான். ஆனால் சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வரமாட்டான். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், ஒரு நாள் நேராக டீச்சர் வீட்டுப் படியேறிவிட்டார்.

நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டி நிற்கப்போகிற கடைசி நொடியில் பிரேக் டர்ர்ர் என்று அதிர்ந்தது.

"ஏம்மா பிரேக்கை உதறுறீங்க? அமுக்கினா அமுக்கினபடி இருக்கணும்."

"நான் எங்க உதறினேன் டீச்சர்? அதுதான் என்னை உதைக்குது!"

டீச்சர் நம்பவில்லை. இடம் மாறி உட்கார்ந்து தானே ஓட்டிப் பார்த்தாள். சிக்னல் அருகே மெதுவாக வந்து அழுத்தியபோது, பெடல் அவள் பாதத்தையும் ஆட்டுக்குட்டி மாதிரி முட்டித் தள்ளியது. எலி நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போய், முன்னால் நின்ற பூக்கடை வேனை லேசாக முத்தமிட்டு நின்றது. வேன்காரர் இறங்கி வந்து, ஓட்டியது யாரென்று பார்த்துவிட்டு, "டீச்சரே இடிச்சா நாங்க யார்கிட்ட போய்க் கத்துக்கறது?" என்று சிரித்துவிட்டுப் போனார். வேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. டீச்சருக்குத்தான் முகம் சிவந்தது.

நேராக அத்தானிடம் ஓட்டிக்கொண்டு போனாள். அக்காவின் கணவர், இரண்டு தெரு தள்ளி ஒர்க் ஷாப் வைத்திருக்கிற மெக்கானிக். ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"சக்கரம் வழுக்காம பாத்துக்கற ஏபிஎஸ் கிறுக்குப் புடிச்சு ஆடுது. வேண்டாத நேரத்துல வேலை செய்யுது. இதுக்கெல்லாம் வைத்தியம் பாத்துட்டு இருக்க முடியாது" என்றவர் அதற்குக் கரண்ட் போகிற ஃப்யூஸைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். "ஒரு நாள் நிதானமா வா. அந்த யூனிட்டையே கழட்டிக் கடாசிட்டு, பைப்பை நேரா இழுத்து விட்டுடறேன். ஏபிஎஸ் இல்லாத காலத்துல யாரும் வண்டி ஓட்டலையா?"

பெடல் அடங்கிவிட்டது. ஆனால் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. கண்ணை உறுத்துகிறது என்று டீச்சர் அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டினாள்.

மூக்குக்கண்ணாடி விற்கிறவர் கண்ணுக்கு அது தப்புமா?

"டீச்சர், இது என்ன டேப்பு?"

"அது ஒண்ணுமில்லம்மா. சும்மா."

"அடியில மஞ்சளா எரியுதே. விளக்கு எரிஞ்சா ஓரங்கட்டி என்னன்னு பாக்கணும்னு முதல் நாளே சொன்னீங்களே?"

"சொன்னேன்" என்றாள் டீச்சர். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டட வேலை நடக்கிற தெருவில் திரும்பியபோது, காற்றில் பறந்த குடையைத் துரத்திக்கொண்டு ஒரு மனுஷர் திடுதிப்பென்று குறுக்கே ஓடிவந்தார். கண்ணாடிக்கடை அம்மா கொஞ்சமும் தடுமாறாமல் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். ஆனால் வண்டி திரும்பவில்லை. சக்கரங்கள் நின்றுவிட்டன, எலி மட்டும் ஈரத் தரையில் சோப்புக்கட்டி மாதிரி நேராக வழுக்கிக்கொண்டு போனது. குடைக்காரர் நல்லவேளையாக ஒரே தாவாகத் தாவி அந்தப் பக்கம் போய்விட்டார். எலி ஓரத்தில் கொட்டியிருந்த மணல் குவியலில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது.

குடைக்காரர் ஜன்னலருகே வந்து, தன்மேல்தான் தப்பு என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, மறுபடியும் குடையைத் தேடி ஓடினார்.

"நான் திருப்பினேன் டீச்சர்" என்றார் கண்ணாடிக்கடை அம்மா. "சத்தியமா திருப்பினேன். அது திரும்பவே இல்ல."

"நீங்க செஞ்சது அத்தனையும் சரிம்மா. வண்டிதான் சரியில்ல. அதைச் சரி பண்ணாம உங்களை உக்கார வச்சது நான்."

அன்றைக்குச் சாயங்காலமே சக்கர இடுக்கெல்லாம் மணலோடு ஒர்க் ஷாப்பில் போய் நின்றாள்.

"அத்தான், கழட்ட வேண்டாம். ரிப்பேர் பண்ணுங்க."

"யூனிட் மாத்தணும்னா அந்தச் செலவுக்கு இன்னொரு எலியே வாங்கிடலாம்மா."

"யூனிட்தான் கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னா?"

அத்தான் கையைத் துடைத்தபடி யோசித்தார். "நான்தான் சொன்னேன்" என்றார் கடைசியில்.

"பாத்துட்டு சொன்னீங்களா, பாக்காம சொன்னீங்களா?"

டீ கொண்டு வந்த அக்கா இதைக் கேட்டுவிட்டாள். "இவர் எங்க பாத்தாரு? பல் வலிக்குதுன்னு போனா தாடையையே கழட்டிக் கையில குடுக்கற ஆளு" என்றாள். தங்கையும் அக்காவும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் தன் பாடு திண்டாட்டம் என்பது அத்தானுக்கு அனுபவம். "சரி சரி, ஞாயித்துக்கிழமை வாங்க" என்று கை தூக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்காரரும் கூட வந்தார். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார், ஆனால் அவர் கையிலும் ஒரு வேலையைத் திணித்துவிட்டார்கள். அத்தான் ஃப்யூஸைத் திரும்பச் செருகி, வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறு பார்க்கிற ஸ்கேனரைப் பொருத்தினார். பழுது ஒன்றுமில்லை என்றது ஸ்கேனர். ஆனால் நான்கு சக்கரமும் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று தனித்தனியாகக் காட்டியது. டீச்சர் ஓட்ட, அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ள, பேக்கரிக்காரர் பின்சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு, ஏலம் போடுகிற மாதிரி வாசித்தார்.

"எட்டு, எட்டு, எட்டு, எட்டு. இன்னும் மெதுவா போ. நாலு, நாலு, நாலு... ஐயோ, ஒண்ணு செத்துப்போச்சு!"

"என்னது செத்துப்போச்சு?"

"ஒரு சக்கரம் சைபர் ஆயிடுச்சு. இல்ல இல்ல, உயிர் வந்துடுச்சு. மறுபடி செத்துப்போச்சு!"

"எந்தச் சக்கரம்னு சொல்லித் தொலைங்களேன்!" என்று முன்சீட்டிலிருந்து இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

முன்பக்கத்து இடது சக்கரம். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, அத்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்டின் முனையில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு பல் வளையம் உட்கார்ந்திருந்தது. அது சுற்றும்போது பல்லை எண்ணித்தான் சென்சார் வேகத்தைக் கணக்கிடும். அடியில் துரு ஏறி ஊதி, வளையம் ஒரு இடத்தில் வெடித்துப் பிளந்திருந்தது.

"பாத்தியா" என்றார் அத்தான், இதைத்தான் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி. "விரிசல் வர்ற இடத்துல எண்ணிக்கை தப்புது. மெதுவா போறப்போ, சக்கரம் நின்னுபோச்சு, வழுக்கப்போகுதுன்னு கம்ப்யூட்டர் பயந்துடுது. உடனே பிரேக்கை விட்டு விட்டுப் புடிக்குது. யூனிட் பாவம், அது ஒழுங்காத்தான் இருக்கு."

உதிரிபாகக் கடையில் புது வளையம் கிடைத்தது. கையடக்கப் பொருள். அத்தான் ஷாஃப்டை வெளியே எடுத்து, பழைய வளையத்தை உளியால் தட்டி எறிந்து, துருவைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். புது வளையம் விளிம்பிலேயே நின்றுகொண்டு உள்ளே போக மறுத்தது.

"கொஞ்சம் சோப்பு போட்டா ஏறிடும். வளையல் மாதிரிதானே?" என்றாள் அக்கா.

"இது சூடு காட்டினாத்தான் விரியும். என் வெல்டிங் கேஸ் வேற தீந்து கிடக்கு" என்று அத்தான் தலையைச் சொறிந்தார்.

அதுவரை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் எழுந்து வந்தார். அவர் முகத்தில் ஒரு களை. "சூடுதானே? எல்லாப் பக்கமும் சமமா வேணுமா?"

"சமமாத்தான் வேணும்."

"அப்ப இங்க என்ன வேலை? கிளம்புங்க."

ஷாஃப்டை ஒரு சாக்கில் சுற்றி, பேக்கரியின் பின்கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பேக்கரிக்காரர் வளையத்தைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். பன் தட்டில் வைக்கச் சம்மதிக்கவில்லை. ஓரம் நசுங்கிய ஒரு தட்டைத் தேடி எடுத்து, அதை நடுவில் வைத்து அடுப்புக்குள் தள்ளினார். கண்ணாடிக் கதவு வழியாக அடிக்கொரு தடவை எட்டிப் பார்த்தார். "இது ரொட்டி மாதிரி சிவக்காதே, எதைப் பாத்து வெளிய எடுக்கறது?" என்று அவருக்கு ஒரே குழப்பம்.

அத்தான் ஷாஃப்டை நிமிர்த்தி முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டார். பேக்கரிக்காரர் தடிமனான கையுறையோடு இடுக்கியில் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, "வழி, வழி!" என்று கத்தியபடி ஓடிவந்து ஷாஃப்டில் போட்டார். பாதி வரை சரசரவென்று இறங்கிய வளையம் ஒரு பக்கம் சாய்ந்து சிக்கிக்கொண்டது.

"போச்சு! ஆறிடுச்சுன்னா அப்படியே புடிச்சுக்கும்" என்று அத்தான் அலறினார். அவர் இரண்டு கையும் ஷாஃப்டில். பேக்கரிக்காரர் இடுக்கியோடு சிலையாகிவிட்டார். டீச்சர்தான் மேஜைமேல் கிடந்த மாவு தேய்க்கிற கட்டையை எடுத்து, மேலே நின்ற ஓரத்தில் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு, மறுபடி இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றித் தட்டினாள். நாலாவது தட்டில் வளையம் நேராகி, டொக்கென்று அடியில் போய் உட்கார்ந்தது.

அக்கா கைதட்டினாள். பேக்கரிக்காரர் தன் கட்டையை வாங்கி, எங்கேயாவது காயம் பட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எல்லாம் பூட்டி முடித்ததும் சாவியைத் திருப்பினார்கள். மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிந்து, அணைந்தது. டீச்சர் டேப்பை உரித்து எறிந்தாள்.

மறுநாள் கண்ணாடிக்கடை அம்மாவைச் சந்தைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு அழைத்துப்போனாள். தரையை ஹோஸ் போட்டு நனைத்து, நடுவில் ஒரு காலி ரொட்டிக் கூடையை வைத்தாள்.

"நேரா வேகமா வந்து, கூடைகிட்ட பிரேக்கை முழுசா அமுக்குங்க. இப்ப பெடல் உதைக்கும். இந்தத் தடவை அது உதைக்கறதுதான் சரி. பயந்து காலை எடுத்துடாதீங்க. அமுக்கினபடியே திருப்புங்க."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். அழுத்தினார். டர்ர்ர் என்று பெடல் துடித்தது. எலி வழுக்காமல், வாலைக்கூட ஆட்டாமல், கூடையைச் சுற்றி வளைந்து நின்றது.

"திரும்பிடுச்சு டீச்சர்!" என்று கூவினார் அம்மா. "இன்னொரு தடவை!"

இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. வீட்டுக்குப் போகலாம் என்று டீச்சர் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அந்த மாதமே அவர் லைசென்ஸ் வாங்கிவிட்டார். இப்போது மகனுக்கு நேரமாகிவிட்டால், "நீ ஏம்பா சிரமப்படற, நான் கொண்டுபோய் விடறேன்" என்கிறார். மகன் பக்கத்து சீட்டில் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வருகிறான். அத்தானோ, இதே கோளாறோடு எந்த வண்டி வந்தாலும் முதலில் வளையத்தைத்தான் பார்க்கிறார். இது தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்றும் சொல்லிக்கொள்கிறார். டீச்சர் அதை மறுப்பதில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

பீரோவைத் தனியாளாக மாடிக்கு ஏற்றுகிற ஒருவர், மலை மாதிரி உடம்பு, புதிதாகச் சேர்ந்திருந்தார். சீட்டில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், எனக்குப் பயமா இருக்கு. எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?"

"முதல்ல சீட்டைப் பின்னாடி தள்ளுங்க" என்றாள் டீச்சர். "முட்டி இடிக்குது பாருங்க."